தலை நன்றாகத்தான் இருந்தது

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கார் சாவியால் பெயின்ட் டப்பாவை நெம்பியது நான்தான். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள், நெம்புகோல் தத்துவத்தை இருபது வருஷமாகக் கரும்பலகையில் வரைகிறவள், அதை இப்படி நிரூபித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

போகிக்கு இரண்டு நாள் இருந்தது. மாடிப்படிக் கைப்பிடிக்குக் கறுப்பு எனாமல் அடிக்கலாம் என்று போன வருஷத்து டப்பாவை எடுத்தேன். விளிம்பில் பெயின்ட் காய்ந்து மூடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் கீழே ஷெட்டில் இருந்தது. சாவி கையிலேயே இருந்தது. நுனியை மூடிக்கு அடியில் கொடுத்து அழுத்தினேன். டப்பாவின் விளிம்புதான் ஆதாரப் புள்ளி, என் கை திறன். மூடி அசையவில்லை. சாவியிலிருந்து "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. முறுக்கை அளவுக்கு மீறி அழுத்தினால் வருமே, அந்த மாதிரி.

சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியிலிருந்து மூன்றாவது பல்லுக்கும் நான்காவது பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல். அங்கேதான் வர வேண்டும். பற்களில் மிக ஆழமாக வெட்டிய இடம் அதுதான், உலோகமும் அங்கேதான் குறைவு. போதாததற்கு, பள்ளத்தின் கூர்மையான அடியில் தகைவு (ஸ்ட்ரெஸ்) வந்து குவியும். பரீட்சையில் கேட்டிருந்தால் ஐந்து மதிப்பெண்ணுக்குச் சரியாக எழுதியிருப்பேன்.

கார் 2012-ஆம் ஆண்டு ஹாட்ச்பேக். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, காருடையது அல்ல. சாவி மடக்குக் கத்தி மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் பிளேடு "சடக்"கென்று வெளியே வரும், மடக்கினால் பிளாஸ்டிக் தலைக்குள் போய்விடும். தலையில் பூட்டவும் திறக்கவும் ரிமோட் பொத்தான்கள். காருடன் வந்த இன்னொரு சாவி சாதாரணச் சாவி. ரிமோட் கிடையாது, மடங்காது. வாங்கிய நாளிலிருந்து பீரோவில்தான் கிடந்தது. அன்றைக்கு ராத்திரியே அதை எடுத்தேன். விரிசல் விழுந்த சாவியை இக்னிஷனில் போட்டுத் திருப்பும்போது பாதி உள்ளேயே முறிந்துகொண்டால், அதை எடுக்கப் பூட்டையே கழற்ற வேண்டி வரலாம். சாவியோடு போக வேண்டிய செலவு பூட்டுக்கும் போய்விடும். இருக்கிற ஒற்றைச் சாவியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? அதையும் தொலைத்தால்?

சர்வீஸ் சென்டரில் கவுன்ட்டரில் இருந்த பையன் சாவியை வாங்கிக் கையில் எடை பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "செட்டாத்தான் வரும் மேடம். சாவி, டோர் லாக், இக்னிஷன் லாக் எல்லாம் சேர்த்து. அப்புறம் புரோகிராமிங்." எவ்வளவு என்றேன். கால்குலேட்டரைத் தட்டி, பதினாலாயிரத்துச் சொச்சம், ஆர்டர் போட்டால் மூன்று வாரம் ஆகும் என்றான்.

"தலை நல்லாத்தானே இருக்கு? பொத்தான் வேலை செய்யுது, வண்டி ஸ்டார்ட் ஆகுது. இந்த இரும்பை மட்டும் மாத்த முடியாதா?"

"அப்படி வராது மேடம்."

முடியாது என்றிருந்தால் ஒருவேளை கேட்டுக்கொண்டிருப்பேன். வராது என்றான். இரண்டும் ஒன்றல்ல. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்காமல் இருக்க முடியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

இப்போதைய கார் சாவி என்பது ஒரு பொருள் அல்ல, ஒரே கூட்டில் குடியிருக்கும் மூன்று பொருள்கள். முதலாவது பிளேடு. வெறும் உலோகம். கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்னத் தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. இரண்டாவது ரிமோட். வட்டப் பேட்டரியில் ஓடும், 433.92 மெகாஹெர்ட்ஸில் காரிடம் பேசும். மூன்றாவதுதான் யார் கண்ணிலும் படாத ஆள்: டிரான்ஸ்பாண்டர் சிப். அதற்குப் பேட்டரியே கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி வளையமாக ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 125 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். சிப்புக்குள் இருக்கும் இன்னொரு குட்டிச் சுருளில் அந்தப் புலம் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்தத் துளி மின்சாரத்தில் கண்விழித்து, சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். கார் ஒத்துக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் நான்காம் அலகு, மின்காந்தத் தூண்டல். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்ததைத்தான் தினமும் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நான் செய்துகொண்டிருக்கிறேன். ரிமோட் பேட்டரி செத்துப்போனாலும் வண்டி கிளம்புவது இதனால்தான்.

இந்தக் காவல் இல்லாத காலத்துக் கார்களைத்தான் சினிமாவில் ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு வயரைத் தேய்த்து ஓட்டிக்கொண்டு போவார்கள். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார் எல்லாவற்றிலும் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இந்தக் காவலுக்கு அதுதான் பெயர்) கட்டாயம் என்று வந்தபிறகு, அங்கே அந்தக் காட்சி பழைய கார்களுக்கு மட்டும்தான் பொருந்தும். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை செய்தே காட்டியிருக்கிறேன். சாதாரணச் சாவியின் தலையை, சப்பாத்தி மடிக்கிற அலுமினியத் தாளால் ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றி, ஸ்கூல் வாசலில் வண்டியை எடுக்கச் சொன்னேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. தாளைப் பிரித்தால் உடனே கிளம்பியது. "மிஸ், மேஜிக்!" என்றான் ஒருவன். மேஜிக் இல்லை, தாளில் ஓடும் சுழல் மின்னோட்டம் புலத்தைச் சிப்பிடம் போகவிடாமல் தடுக்கிறது, நான்காம் அலகு, மூன்று மதிப்பெண் என்றேன்.

ஆக, காருக்கு என் சாவியை அடையாளம் தெரிவது தலையை வைத்து. பிளேடை மாற்றினால் புரோகிராமிங் எதற்கு? பூட்டை எதற்கு மாற்ற வேண்டும்? பூட்டு என்ன பாவம் செய்தது?

நான் பிறந்தது திண்டுக்கல். நாகல் நகரில் எங்கள் தாத்தா பூட்டுப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தவர். தனக்கென்று பட்டறை வைத்ததில்லை. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கி வேலை குறைந்தபிறகும், திண்ணையில் ஒரு கட்டைப் பிடிப்பானும் நாலு அரங்களும் வைத்துக்கொண்டு, தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி ராவிக்கொண்டிருந்தார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துக் காட்ட அவர் அப்போது இல்லை.

அவர் சாவி செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாங்காய்ப் பூட்டோ பெட்டிப் பூட்டோ, சாவியே இல்லாமல் பூட்டு மட்டும் வரும். அளவுக்கு ஒரு வெட்டாத சாவியை எடுத்து, சிம்னி விளக்கின் சுடரில் காட்டிக் கரி ஏற்றுவார். பூட்டுக்குள் விட்டு இலேசாகத் திருப்பி வெளியே எடுப்பார். உள்ளே லீவர் உரசின இடத்தில் மட்டும் கரி போய்ப் பளிச்சென்று தெரியும். அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடியும் கரி, மறுபடியும் பூட்டு. கடைசியில் "டக்". அந்தச் சத்தம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் கைதட்ட வேண்டும், அதுதான் பேச்சு.

யாராவது தேய்ந்த சாவியைக் கொண்டுவந்து "இதே மாதிரி இன்னொண்ணு" என்றால் முணுமுணுப்பார். "தேஞ்ச சாவியப் பாத்து ராவுனா தேஞ்ச சாவிதான வரும்?" என்பார். அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, புழங்காத சாவி ஏதாவது இருந்தால் எடுத்துவரச் சொல்லுவார். இல்லையென்றால் பூட்டையே கேட்பார்.

என் மடக்குச் சாவியும் தேய்ந்துதான் போயிருந்தது. ஒரு வருஷமாகவே கதவில் போட்டு இரண்டு முறை ஆட்டினால்தான் திரும்பும். பற்களின் முனையெல்லாம் கூழாங்கல் மாதிரி மழுங்கிவிட்டது. அதைப் பார்த்துப் புதிய பிளேடு வெட்டினால், பன்னிரண்டு வருஷத் தேய்மானத்தையும் சேர்த்துப் புதுசாக வெட்டி வாங்கியது போலாகும். ஆனால் பீரோவில் கிடந்தது அப்படியே பல் கூராக, முதல் நாள் வந்தபடி இருந்தது. நல்லவேளை. இரண்டு சாவியும் தேய்ந்திருந்தால், வண்டி வாங்கும்போது சாவிக் கொத்தில் தொங்கவிட்டுக் கொடுக்கும் சின்னத் தகட்டில் ஒரு எண் இருக்கும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் மிஷினில் வெட்டலாம். அந்தத் தகட்டைத் தொலைக்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம். என்னுடையது வங்கி லாக்கர் சாவியோடு ஒரு பழைய மஞ்சள் பையில் கிடைத்தது, தேடுவதை விட்டு ஒரு மாதம் கழித்து.

வெட்டாத பிளேடை ஆன்லைனில் வாங்கினேன். 180 ரூபாய். முதலில் வந்தது தப்பு. படத்தில் பார்க்க அச்சாக அதேதான், கையில் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் பக்கவாட்டுக் காடி (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) எதிர்ப்பக்கம் இருந்தது. கண்ணாடியில் பார்த்த மாதிரி. பூட்டு வாய்க்குள்ளேயே நுழையாது. இடது, வலது என்று இரண்டு வகை உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நீங்கள் வாங்குவதாக இருந்தால் மூன்றை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்: காடி எந்தப் பக்கம், மொத்த நீளம், தலைக்குள் போகும் அடிக்கட்டையில் பின் ஓட்டை எங்கே எவ்வளவு பெரிது. மூன்றாவதை நான் பார்க்கவில்லை. இரண்டாவதாக வந்தது அதிர்ஷ்டத்தில் பொருந்தியது.

சாவி வெட்டப் போனது கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம். மணிக்கூண்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், பெட்டிக்கடை அளவுக்கு ஒரு சாவிக் கடை. பாய்க்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். சாவியை நீட்டியதும் முதலில் கேட்டது சாவியைப் பற்றி இல்லை.

"வண்டி எங்கீங்க?"

"வீட்டுல இருக்குங்க. பஸ்ஸுலதான் வந்தேன்."

"வண்டியும் ஆர்சி புக்கும் இல்லாம கார் சாவி வெட்டறதில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. யார் வந்து கேட்டாலும் வெட்டிக் கொடுக்கிற கடையில் நம் சாவியை எப்படி நம்பிக் கொடுப்பது? மறுநாள் சாயங்காலம் வண்டியோடு போனேன். அந்தத் தெருவில் பார்க்கிங் கிடைக்க முக்கால் மணி நேரம் சுற்றினேன். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதினாலும் தீராது.

புத்தகத்தைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார், பிறகுதான் சாவியைக் கையில் எடுத்தார். விரிசல் விழுந்ததை ஒருமுறை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே "ஸ்பேர் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார். தாத்தா கேட்ட அதே கேள்வி. பீரோச் சாவியை நீட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

மிஷினில் இரண்டு பிடிப்பான்கள் பக்கம் பக்கமாக. ஒன்றில் பழைய சாவி, ஒன்றில் புதியது. பழையதன் பற்களை ஒரு முனை தடவிக்கொண்டே போகும். அதே நேரத்தில் சுழலும் சக்கரம் புதியதை வெட்டிக்கொண்டே வரும். இரண்டு சாவியின் தோளும் (பற்களுக்குப் பின்னால் பிளேடு அகலும் இடம்) ஒரே கோட்டில் நிற்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்தார். அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் எல்லாப் பல்லும் அரை மில்லிமீட்டர் தள்ளித்தான் விழும். வெட்டுகிற நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. பிடிப்பானில் உட்காரவைக்கத்தான் ஐந்து நிமிஷம். மஞ்சளாகத் தூள் பறந்தது. மேலே வெள்ளிபோல மின்னினாலும் உள்ளே பித்தளை.

"ஃபிட்டிங்கும் நானே பண்ணித் தரட்டுங்களா?"

வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டீச்சரா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "டீச்சருங்கதான் இப்படிச் சொல்லுவாங்க. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு உடைச்சுட்டு வருவாங்க" என்றார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். "பின் வெளிய எடுக்கறப்ப சுத்தியில நேரா அடிச்சறாதீங்க டீச்சர், தலை தெறிச்சுரும்" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

தலையில் மாட்டுவதற்கு முன்பே பிளேடைத் தனியாகக் கதவில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மாட்டியபிறகு சரியில்லை என்றால் மறுபடி பின்னைக் கழற்ற வேண்டுமே. வெறும் பிளேடு சிப் இல்லாததால் வண்டியைக் கிளப்பாது, ஆனால் கதவைத் திறக்கும். உள்ளே போனது. திருப்பினால் முக்கால்வாசி தூரம் வந்து நின்றுகொண்டது. கையில் பிடிக்க இடம் இல்லாமல் விரல் வலித்தது. குறடு போட்டுத் திருப்பிவிடலாம் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். பெயின்ட் டப்பாவுக்குப் பிறகு நான் பலத்தை நம்புவதில்லை.

பூஜை அறையிலிருந்து அகல் விளக்கை எடுத்து வந்தேன். பிளேடின் அடிக்கட்டையை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு சுடரில் காட்டினேன். பற்கள் முழுக்கக் கறுப்பாயிற்று. ஆறவிட்டு, கதவில் விட்டு, நின்ற இடம் வரைக்கும் மெதுவாகத் திருப்பி, எடுத்தேன். ஐந்தாவது பல்லின் சரிவில் கடுகளவுக்குப் பளிச்சென்று ஒரு புள்ளி. விரல் நகத்தால் தடவினால் பிசிறு தட்டுப்பட்டது. வெட்டும்போது ஓரத்தில் எழும்பி நின்ற உலோகம். பையனின் பாலிடெக்னிக் டப்பாவில் இருந்த நைஸ் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. மறுபடி கரி. இந்த முறை திரும்பியது. "டக்".

நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை: இந்தக் கரி வேலையெல்லாம் தனிப் பிளேடில்தான். தலையோடு இருக்கும் சாவியை நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது தலை. இங்கேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வீடியோவில் ஒருவர் சாவித் தலையை இரண்டாகப் பிளந்து காட்டினார், நானும் பிளந்தேன். என் சாவிக்கு அது தேவையே இல்லை. பொத்தானுக்குப் பின்னால் முறுக்கி வைத்திருந்த சுருள்வில் துள்ளி எழுந்து சமையலறைப் பக்கம் போனது. ஃப்ரிட்ஜுக்கு அடியில் தென்னங்குச்சி விட்டுத் தேடியதில் வில்லோடு, போன தீபாவளியிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு திருகாணியும் கிடைத்தது. ஆகவே நஷ்டம் என்று சொல்ல முடியாது. வில் கிடைத்த சந்தோஷத்தில் மேஜையைத் துடைக்கப் போனேன். ஓரத்தில் புளியங்கொட்டையில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு கிடந்தது. உடைந்த பிளாஸ்டிக் என்று குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். ஒரு நொடி கை நின்றது. அதுதான் சிப். என் சாவியில் அது ரிமோட் பலகையில் ஒட்டியிருக்கவில்லை. கூட்டின் ஒரு மூலையில் தனியாகச் செருகி வைத்திருந்தார்கள். பதினாலாயிரத்தைக் குப்பையில் போட இருந்தேன். சிலர் சாவிக்குப் புதுக் கூடு வாங்கி மாற்றிவிட்டு, பழைய கூட்டைத் தூக்கிப்போட்டதும் வண்டி கிளம்பவில்லை என்று முழிப்பது இதனால்தான். பழைய கூட்டின் மூலையிலே சிப் உட்கார்ந்திருக்கும்.

பிரித்ததுதான் பிரித்தோம் என்று பேட்டரியையும் மாற்றினேன். சிஆர்2032. அந்த எண்ணில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். வில்லை ஒரு சுற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கூட்டை மூடினேன். மூன்றாவது முயற்சியில் மூடியது.

பிளேடைப் பிடித்திருப்பது ஒரு ரோல் பின். தகட்டைக் குழலாகச் சுருட்டிச் செய்தது. பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும், அதனால் ஓட்டைக்குள் வில் மாதிரி விரிந்து இறுகிக்கொள்ளும். என்னுடையது 1.6 மில்லிமீட்டர் குறுக்களவு. பிளேடைப் பாதி திறந்து வைத்தால் கழுத்தில் பின்னின் வட்டத் தலை தெரியும். அதை ஒரு பக்கத்திலிருந்து தள்ளி மறுபக்கம் வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான் மொத்த வேலையும். தள்ளுகிற கம்பி 1.6-க்குக் கொஞ்சம் சன்னமாக இருக்க வேண்டும். 1.5 ஆலன் கீ ஒன்று வீட்டில் இருந்தது. அடடா என்று வைத்துத் தட்டினால், வாயிலேயே மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அறுகோணக் கம்பிக்கு 1.5 என்பது பட்டைக்குப் பட்டை அளவு. மூலைக்கு மூலை அளந்தால் 1.73. நான் கணக்கும் சேர்த்து எடுக்கிறவள் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மறுநாள் காந்திபுரத்தில் ஒரு டூல்ஸ் கடையில் 1.5 மில்லிமீட்டர் டிரில் பிட் வாங்கினேன். அதன் வழவழப்பான அடிப்பக்கத்தைப் பின்மேல் வைத்தால் சரியாக உட்கார்ந்தது. டிரில் பிட் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. தெறித்தால் கண் போய்விடும். லேபிலிருந்து கண்ணாடி எடுத்துவந்து போட்டுக்கொண்டுதான் செய்தேன். ஒழுங்காகச் செய்கிறவர்கள் இதற்கென்றே விற்கும் பின் பஞ்ச் வாங்கிக்கொள்வார்கள்.

அடியில் தாங்கல் வேண்டுமே. பாய் சொன்னது அதுதான்: பிளேடு செருகியிருக்கும் கழுத்துப் பகுதி துத்தநாகக் கலவை வார்ப்பு, சும்மா மேஜையில் வைத்து அடித்தால் விண்டுபோகும். கழுத்து முழுக்கத் தாங்க வேண்டும், பின் இறங்குகிற இடத்தில் மட்டும் காலி வேண்டும். வீட்டில் பிடிப்பான் (வைஸ்) கிடையாது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அம்மாவின் பல்லாங்குழிப் பலகை கண்ணில் பட்டது. பலா மரம், கெட்டியானது. இரண்டு குழிகளுக்கு நடுவிலுள்ள வரப்பில் கழுத்தை வைத்து, பின் மட்டும் குழி ஓரத்துக்கு மேல் நிற்கும்படி திருப்பி வைத்தேன். சின்னச் சுத்தியலால் தட்டினேன். அடி இல்லை, தட்டல்; தேங்காயில் வழுக்கை இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு. முதல் பத்துத் தட்டலில் ஒன்றுமே நடக்கவில்லை. பதினோராவதில் டிரில் பிட் கொஞ்சம் கீழே இறங்கியது போலிருந்தது. அப்புறம் சட்டென்று வழுக்கிப் போய், பின் குழிக்குள் விழுந்தது. சோழி விழுந்தது மாதிரியே சத்தம்.

பழைய பிளேடு கையோடு வந்தது. புதியதைச் செருகி, ஓட்டையும் ஓட்டையும் நேராக நிற்கிறதா என்று ஊசி விட்டுப் பார்த்து, அதே பின்னை வைத்து மூக்குக் குறட்டால் அழுத்தினேன். குறட்டின் வாயில் துணி சுற்றிக்கொண்டதால் பிளாஸ்டிக்கில் கீறல் விழவில்லை. பாதிவரை அழுத்தியே போனது, மீதியை டிரில் பிட் வைத்துத் தட்டினேன். முடிந்தது என்று மடக்கினால் கடைசியில் மடங்க மாட்டேன் என்றது. பின் ஒரு பக்கம் தலைமயிர் அளவு வெளியே நின்றுகொண்டு கூட்டின் சுவரில் இடித்தது. இன்னும் இரண்டு தட்டு. பொத்தானை அழுத்தினேன். "சடக்".

கதவு ஆட்டாமல் திறந்தது. இக்னிஷனில் போட்டுத் திருப்பினேன். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது, எஞ்சின் பிடித்தது. ரிமோட்டும் ஒன்றும் மறந்திருக்கவில்லை. மொத்தச் செலவு: தப்பான பிளேடையும் டிரில் பிட்டையும் புது பேட்டரியையும் சேர்த்தாலும் ஆயிரத்தைத் தொடவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போட்டால் கணக்கு வேறு மாதிரி வரும்.

பூட்டுக்கு எண்ணெய் விடச் சொல்லி வீட்டுக்காரர் தேங்காயெண்ணெய் பாட்டிலோடு வந்தார். தடுத்துவிட்டேன். எண்ணெய் விட்டால் நாலு நாள் சுகமாக இருக்கும், அப்புறம் தெருப்புழுதியைக் குழைத்து உள்ளே பசையாக்கிவிடும். 6பி பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து, அந்தக் கிராஃபைட் தூளைப் பிளேடில் தடவி நாலு முறை உள்ளே வெளியே விட்டேன். விரலெல்லாம் கறுப்பு.

பழைய பிளேடை என்ன செய்வது என்று பாயிடம் ஸ்பேர் சாவியை இன்னொரு பிரதி எடுக்கப் போனபோது கேட்டேன். "விரிசல் வுட்டாலும் உங்க கதவத் தெறக்குமுங்க. அப்படியே குப்பைல போட்றாதீங்க, ரெண்டா ஒடிச்சுப் போடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். பெயின்ட் டப்பா மாடிப்படி ஓரத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. பழைய பிளேடைக் குறட்டால் பிடித்து, நுனியை மூடிக்கு அடியில் கொடுத்து, ஒரே அழுத்து. பிளேடு இரண்டாக ஒடிந்தது. டப்பா திறக்கவில்லை.